படம் எடுக்கும் முன் படம் காட்டுங்கள்

(குறும்பட, சுயாதீனப் பட இளைஞர்களுக்கான பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'கையில் காசில்லாமல் படம் எடுப்பது எப்படி' என்ற தலைப்பில் பேச அழைத்திருக்கிறார்கள். நான் இயக்குநரும் இல்லை, தயாரிப்பாளரும் இல்லை. படப்பிடிப்பில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓரமாக நிற்கிற ஒலிப்பதிவு ஆள். ஓரமாக நிற்பவனுக்கு ஒரு வசதி உண்டு. சட்டைக்குள் செருகிய லேப்பல் மைக்கைக் கழற்றாமலேயே நடிகர்கள் டீ குடிக்கப் போவார்கள். தளத்தின் புலம்பல் முழுவதும் என் காதில் வந்து விழும். எந்தக் குழுவில் பணம் தீர்ந்துவிட்டது, யாருக்கு யாரோடு ஆகவில்லை என்பதெல்லாம் இயக்குநருக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.

அப்படித் தெரிந்துகொண்டதில் ஒன்றைச் சொல்லத்தான் வந்தேன். இளைஞர்கள் கூடி எடுக்கிற படங்கள் படப்பிடிப்பில் நின்றுபோவது குறைவு. கடன் வாங்கியோ, நகையை அடகு வைத்தோ, நண்பன் வீட்டு அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டோ எப்படியாவது எடுத்து முடித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் சிக்கல். படம் ஹார்ட் டிஸ்கில் கிடக்கிறது. விழாக்களுக்கு அனுப்பினால் பதில் வருவதில்லை. தியேட்டர்காரரிடம் போனால், "யார் நடிச்சிருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. கடைசியில் யூடியூபில் ஏற்றிச் சொந்தக்காரர்களுக்கு லிங்க் அனுப்புகிறார்கள். வருடக்கணக்கில் உழைத்ததை அத்தையும் சித்தப்பாவும் செல்போனில் பார்க்கிறார்கள். அதையும் முழுதாகப் பார்ப்பதில்லை.

ஆகவே தலைப்பைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். எப்படி எடுப்பது என்பதைப் பிறகு பார்ப்போம். யாருக்குக் காட்டப்போகிறோம், அந்த ஆட்கள் இப்போதே நம்மோடு இருக்கிறார்களா என்பதை முதலில் பேசுவோம். மற்ற மாநிலங்களில் பெயர் நிலைத்த குழுக்களைப் பாருங்கள். அவர்களில் பலர் படம் எடுப்பதற்கு முன் பல ஆண்டுகள் அடுத்தவர் படங்களை ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தவர்கள்.

கல்கத்தாவிலிருந்து தொடங்கலாம். சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் இன்னும் சில நண்பர்களும் சேர்ந்து 1947-இல் கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கினார்கள். 'பதேர் பாஞ்சாலி'யின் முதல் காட்சி எடுக்கப்பட்டது 1952-இல்தான். ராய் அப்போது விளம்பர நிறுவனத்தில் சம்பளக்காரர். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவுக்கு வயது இருபதுக்குச் சற்று மேல், அதற்கு முன் சினிமா கேமராவை இயக்கியவரில்லை. ழான் ரெனுவார் 'தி ரிவர்' படம் எடுக்க வங்காளம் வந்தபோது பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்து ஒளியமைப்பைக் குறித்துக்கொண்டவர், அவ்வளவுதான். சம்பளக்காரர்கள் என்பதால் விடுமுறை நாளில்தான் படப்பிடிப்பு. நாணல் பூத்த வெளியில் ஒருநாள் எடுத்துவிட்டு அடுத்த வாரம் திரும்பிப் போனால், பூவையெல்லாம் மாடு மேய்ந்துவிட்டது. அந்தக் காட்சியை முடிக்க அடுத்த பூக்காலம் வரை காத்திருந்தார்கள். ராயின் மனைவியுடைய நகை அடகுக்குப் போனது. கடைசியில் மேற்கு வங்க அரசு பணம் கொடுத்து, 1955-இல் படம் வெளிவந்தது.

இந்தக் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். நகையையும் மாட்டையும் எல்லோரும் சொல்வார்கள். அந்த 1947-ஐ மட்டும் விட்டுவிடுவார்கள். ஐந்து வருடம் உட்கார்ந்து படம் பார்த்து, அடுத்தவருக்குக் காட்டி, சண்டை போட்டுப் பேசிப் பழகிய கூட்டம் அது. அவர்களுடைய முதல் பார்வையாளர்கள் அவர்களே.

திருவனந்தபுரத்திலும் இதே வரிசைதான். புனே திரைப்படக் கல்லூரியில் படிப்பை முடித்து வந்த அடூர் கோபாலகிருஷ்ணன், குளத்தூர் பாஸ்கரன் நாயர் முதலானவர்கள் 1965-இல் சித்ரலேகா ஃபிலிம் சொசைட்டியை ஆரம்பித்தார்கள். கூட்டுறவுச் சங்கமாகத் தயாரிப்பில் இறங்கியது அதன் பிறகு. ஃபிலிம் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷனில் கடன் வாங்கி எடுத்த 'சுயம்வரம்' வந்தது 1972-இல். தளத்திலேயே ஒலியைப் பதிவுசெய்த ஆரம்பகால மலையாளப் படங்களில் அது ஒன்று என்பதால் எனக்குத் தனிப் பாசம்.

இப்போது கோழிக்கோட்டுக்கு வருகிறேன். ஒடேசா குழுவைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே பேச வேண்டும்.

அதன் மையமாக இருந்த இயக்குநர் ஜான் ஆபிரகாமை நமக்கு 'அக்ரஹாரத்தில் கழுதை' வழியாகத் தெரியும். 1977-ஆம் ஆண்டுப் படம். வெங்கட் சாமிநாதன் எழுதியது, இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் பேராசிரியராக நடித்தது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. விருது வாங்கி என்ன? தமிழர்களில் எத்தனை பேர் அதைத் திரையில் பார்த்தார்கள்? 1989-இல் தூர்தர்ஷனில் போடுவதாக அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவிட்டார்கள். தயாரிப்பாளர், விநியோகஸ்தர், தியேட்டர் என்ற பாதையில் தன் படம் போய்ச் சேராது என்பது ஜானுக்கு நன்றாகவே விளங்கியிருக்க வேண்டும்.

1984 வாக்கில் கோழிக்கோட்டு இளைஞர்களோடு சேர்ந்து அவர் உருவாக்கியது ஒடேசா. இவர்கள் முதலாளியைத் தேடிப் போகவில்லை. ஒரு புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். சாப்ளினின் 'தி கிட்' படத்தைக் காட்டினார்கள். தெருவில் பறையடித்தார்கள், நாடகம் போட்டார்கள். படம் முடிந்ததும், "நாங்கள் ஒரு படம் எடுக்கப்போகிறோம், முடிந்ததைக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கினார்கள். கொடுத்தவர் பெரும்பாலும் சாதாரண ஜனங்கள். அந்தக் காசில் 1986-இல் உருவானது 'அம்ம அறியான்'.

படத்தின் கதை இது. டெல்லிக்குக் கிளம்பும் புருஷன் என்ற இளைஞன் வயநாட்டில் மரத்தில் தொங்கும் ஒரு பிணத்தைப் பார்க்கிறான். இறந்தவன் ஹரி, தபேலா வாசிப்பவன். கொச்சியில் இருக்கும் அவன் அம்மாவிடம் செய்தி சொல்லக் கிளம்புகிறான் புருஷன். போகிற வழியில் ஒவ்வொரு ஊரிலும் ஹரியைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவனும் தன் வீட்டில் அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கூடச் சேர்ந்துகொள்கிறான். ஒருவன் பலராகி, கொச்சி போய்ச் சேரும்போது அது ஒரு கூட்டம். வேணு ஒளிப்பதிவு, பீனா பால் படத்தொகுப்பு. புருஷனாக வந்த ஜாய் மேத்யூ இன்று மலையாளத்தில் தெரிந்த நடிகர், இயக்குநர். இந்தப் படத்துக்காக ஜானுக்குத் தேசிய விருதில் நடுவர் சிறப்பு விருதும், வேணுவுக்கு ஒளிப்பதிவு விருதும் கிடைத்தன.

கவனித்தீர்களா? கதையில் நடப்பதும் வீடு வீடாகப் போய் ஆள் சேர்ப்பது, தயாரிப்பில் நடந்ததும் அதுதான். பணம் திரட்டிய விதமே படத்தின் வடிவமாகிவிட்டது. இதை ஜான் திட்டமிட்டுச் செய்தாரா என்பது இருக்கட்டும். காசு கொடுத்த ஊர்களுக்கே படம் திரும்பிப் போனது. டிக்கெட் இல்லாமல் ஊர்ப் பொது இடங்களில் காட்டினார்கள். படம் முடிவதற்குள்ளேயே அதைப் பார்க்க ஆள் காத்திருந்தது. இந்த ஒன்று நம்மில் எத்தனை குழுவுக்கு இருக்கிறது?

ஒடேசாவைத் தெய்வமாக்கிக் கும்பிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. 1987 மே மாதம் ஜான் ஒரு கட்டடத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். அதன்பின் குழு ஆவணப்படங்கள் எடுத்தது, திரையிடல்களும் நடத்தியது. ஆனால் 'அம்ம அறியான்' போல இன்னொரு கதைப்படம் அதிலிருந்து வரவில்லை. மக்கள் சினிமா என்று பெயரே ஒழிய, ஒரு மனிதரின் மேதைமையைச் சுற்றித்தான் அது சுழன்றது. அடுத்த இயக்குநர் யார் என்ற கேள்விக்கு அங்கே பதில் தயாராக இல்லை. இன்றைய குழுக்களிலும் இதே நோய் இருக்கிறது. ஐந்து நண்பர்கள் சேர்ந்தால் ஒருவன் இயக்குநர், மற்ற நால்வரும் அவனுக்கு அசிஸ்டென்ட். முதல் படம் முடிந்ததும் நால்வரும் ஆளுக்கொரு திசையில் போய்விடுகிறார்கள். அதில் தப்பு அவர்கள் மேல் இல்லை.

தமிழ்நாட்டில் இப்படி ஒன்றும் நடக்கவில்லையா என்று கேட்பீர்கள். நடந்தது, அதுவும் ஒடேசாவுக்குக் கால் நூற்றாண்டு முன்பே. 'பாதை தெரியுது பார்', 1960. வங்கத்தில் 'சின்னமூல்' எடுத்துவிட்டுச் சென்னைக்கு வந்த நிமாய் கோஷ் இயக்கினார். இடதுசாரி நண்பர்கள் பலர் பங்கு போட்டு, குமரி பிலிம்ஸ் என்ற பெயரில் தயாரித்தார்கள். இசை, சற்றுமுன் சொன்ன அதே எம்.பி. சீனிவாசன். ஜெயகாந்தன் பாட்டு எழுதினார். தேசிய விருது கிடைத்தது, தியேட்டரில் ஓடவில்லை. எம்.பி.எஸ். இந்தப் படத்தில் இருக்கிறார், 'சுயம்வர'த்துக்கு இசையமைத்திருக்கிறார், 'அக்ரஹாரத்தில் கழுதை'யில் நடித்திருக்கிறார். சினிமாத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டியவர்களிலும் முன்னோடி. தென்னிந்தியச் சுயாதீன சினிமாவுக்கு யாராவது வரலாறு எழுதினால் இந்த மனிதரைப் பிடித்துக்கொண்டே எழுதிவிடலாம்.

பிறகு 1978. அடையாறு திரைப்படக் கல்லூரியில் படித்து வெளிவந்தவர்கள் சேர்ந்து எடுத்த 'அவள் அப்படித்தான்'. இயக்குநர் ருத்ரய்யா, ஒளிப்பதிவு நல்லுசாமியும் ஞானசேகரனும். எழுத்தில் வண்ணநிலவனும் பங்கேற்றார். கமல், ரஜினி, ஸ்ரீப்ரியா என மூன்று பெரிய பெயர்கள், கறுப்பு வெள்ளைப் படம். தீபாவளிக்கு வந்தது, வந்த நேரத்தில் சரியாகப் போகவில்லை. இன்று தமிழின் சிறந்த படங்கள் என்று எந்தப் பட்டியல் போட்டாலும் அதில் இருக்கிறது. ருத்ரய்யா அதன்பின் எடுத்து முடித்தது 'கிராமத்து அத்தியாயம்' ஒன்றுதான். 'அவள் அப்படித்தான்' படத்தைக் கொண்டாடுகிற பார்வையாளர்கள் 1978-இல் ஊர் ஊருக்கு அமைப்பாக இருந்திருந்தால் அவர் இன்னும் நாலைந்து படம் எடுத்திருப்பார் என்பது என் எண்ணம்.

பணத்தைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. ஷியாம் பெனகலின் 'மந்தன்' 1976-இல் வந்தது. குஜராத்தின் பால் உற்பத்தியாளர்கள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் போட்டு எடுத்த படம். பலர் இதைக் கூட்டுநிதிக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். அதன் பின்னால் ஒரு பெரிய கூட்டுறவு அமைப்பு இருந்ததை மறந்துவிடாதீர்கள். நமக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருவது கன்னடத்தில் பவன் குமார் எடுத்த 'லூசியா', 2013. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து சுமார் 50 லட்சம் ரூபாய் போட்டார்கள். அது தமிழில் 'எனக்குள் ஒருவன்' ஆகவும் வந்தது. எந்த வழியில் திரட்டினாலும் ஒரு கணக்கை மட்டும் சரியாகப் போடுங்கள். படப்பிடிப்புக்கு எவ்வளவு என்று எழுதும் அதே தாளில் எடிட், ஒலிக்கலவை, டிஐ என்கிற நிறத்திருத்தம், சென்சார், டிசிபி என்கிற திரையிடல் பிரதி, தியேட்டருக்கான டிஜிட்டல் கட்டணம் எல்லாவற்றையும் எழுதுங்கள். நான் பார்த்த பட்ஜெட்டுகளில் பாதி, கடைசி நாள் பூசணிக்காய் உடைப்பதோடு முடிந்துவிடுகின்றன.

இனி என் தொழில். இதில் கொஞ்சம் கூடுதலாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிறு குழுக்கள் கேமராவுக்கும் லென்ஸுக்கும் அலைவதில் பத்தில் ஒரு பங்குகூட ஒலிக்கு அலைவதில்லை. "டப்பிங்ல பாத்துக்கலாம்ணே" என்பார்கள். ஊரில் பிடித்த புதுமுகங்களை வைத்து எடுத்துவிட்டு அவர்களையே டப்பிங் தியேட்டருக்குக் கூட்டி வந்து நிறுத்தினால் என்ன ஆகும் தெரியுமா? களத்தில் அவ்வளவு இயல்பாகப் பேசிய பாட்டி, கண்ணாடி அறைக்குள் மைக் முன்னால் நின்றதும் பள்ளிக்கூடப் பிள்ளை செய்யுள் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பிப்பார். படத்தின் உயிரே அங்கே போய்விடும். புதுமுகங்களை வைத்து எடுப்பவர்கள் தளத்திலேயே ஒலி பதிவு செய்துவிடுவது நல்லது. அசாமில் ரீமா தாஸ் 'வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்' எடுத்தார், தெரியும் இல்லையா? எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, தயாரிப்பு எல்லாம் அவரே. சொந்த ஊரில், ஊர்க் குழந்தைகளை வைத்து எடுத்தார். களத்தில் ஒலிப்பதிவு செய்தவர் உறவுக்காரப் பெண் மல்லிகா தாஸ். சிறந்த படத்துக்கான தேசிய விருது அந்தப் படத்துக்குக் கிடைத்தபோது, களஒலிப்பதிவுக்கான விருது மல்லிகா தாஸுக்குக் கிடைத்தது.

லொகேஷன் பார்க்கப் போகும்போது கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் நில்லுங்கள். ரைஸ் மில், போர் மோட்டார், பக்கத்து வீட்டு டிவி, பஸ் திரும்புகிற இடம் எல்லாம் அப்போதுதான் தெரியும். கிராமமென்றால் ஆடி மாதம் வேண்டாம். விடியற்காலை நாலு மணிக்குக் கூம்பு ஸ்பீக்கரில் எல்.ஆர். ஈஸ்வரி தொடங்கினால் ராத்திரி வரை நிறுத்த மாட்டார்கள். நிறுத்தச் சொல்லவும் நமக்கு உரிமை கிடையாது, அது அவர்கள் ஊர், அவர்கள் அம்மன். வீட்டுக்குள் எடுக்கும்போது ஃபேனை நிறுத்துவீர்கள், ஃபிரிட்ஜை மறந்துவிடுவீர்கள். அதன் முனகல் வசனத்துக்குள் போய் உட்கார்ந்தால் எடிட்டில் பிரித்தெடுப்பது பாடு. ஃபிரிட்ஜை அணைத்ததும் உங்கள் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். சாவி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது. சாவியைத் தேடும்போது ஃபிரிட்ஜையும் போட்டுவிடுவீர்கள், வீடு கொடுத்த அம்மாவின் பாலும் மாவும் கெடாது. ஒவ்வொரு இடத்திலும் கிளம்புவதற்கு முன் எல்லோரும் அசையாமல் ஒரு நிமிடம் நின்று அந்த இடத்தின் வெறும் ஒலியைப் பதிவு செய்ய விடுங்கள். அந்த ஒரு நிமிடத்தை வாங்க நான் கெஞ்சாத தளம் கிடையாது.

அடுத்து, எழுத்தில் ஒப்பந்தம். நண்பர்களுக்குள் என்ன ஒப்பந்தம் என்று நினைக்காதீர்கள். நம் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு படத்தின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளர். அதாவது படத்தை உருவாக்க முன்கை எடுத்துப் பொறுப்பேற்றவர். ஐந்து பேர் பணம் போட்ட படத்தில் அந்த ஐவரில் அவர் யார்? நான் வேலை செய்த ஒரு படம், முடிந்து நன்றாக வந்திருந்த படம், இந்தக் கேள்விக்கு விடை இல்லாமல் இன்றும் ஒரு பீரோவுக்குள் இருக்கிறது. பணம் போட்டது யார், உழைப்பைப் போட்டது யார், வருமானம் வந்தால் பங்கு எப்படி, ஒருவர் விலகினால் என்ன என்பதை முதல் நாளே எழுதிக் கையெழுத்து போடுங்கள். காப்பி இரண்டு ஹார்ட் டிஸ்கில், இரண்டு வேறு வீடுகளில் இருக்கட்டும்.

சென்சாரைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. படத்தில் ஆடு, மாடு, நாய், கோழி எது நடித்தாலும் விலங்குகள் நல வாரியத்திடம் படப்பிடிப்புக்கு முன்பே அனுமதி பெற வேண்டும். எடுத்து முடித்துவிட்டு, சான்றிதழுக்குப் போகிற இடத்தில் வாரியத்தின் கடிதம் எங்கே என்று கேட்கும்போதுதான் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிகிறது. ஜான் ஆபிரகாம் இன்று இருந்திருந்தால் அக்ரஹாரத்துக்குப் போவதற்கு முன் கழுதைக்கு அனுமதி வாங்க அலைந்திருப்பார்.

இவ்வளவையும் சரியாகச் செய்து, படமும் நன்றாக வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' மதுரைப் பக்கத்துப் பொட்டல் வெயிலில் எடுத்த படம். 2021-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது, ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் போனது. தமிழ் ரசிகர்கள் பரவலாகப் பார்க்கக் கிடைத்தது 2023-இல், ஓடிடியில். அந்த டைகர் விருதுக்கு முந்திய ஆண்டு, 2020-இல், கோவையில் எடுக்கப்பட்ட அருண் கார்த்திக்கின் 'நசீர்' அதே ராட்டர்டாமில் நெட்பேக் விருது பெற்றது. திலீப்குமாரின் சிறுகதையிலிருந்து வந்த படம். கோவையில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள்? நெதர்லாந்தில் பார்த்துவிட்டார்கள், நம் ஊரில் பார்க்க வழியில்லை என்றால் குறை படத்தில் இல்லை. காட்டுகிற ஏற்பாடு நம்மிடம் இல்லை.

அந்த ஏற்பாட்டை அரசாங்கமோ ஓடிடியோ செய்து தரும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். மதுரையில் ஆர்.பி. அமுதனும் நண்பர்களும் 1998 முதல் ஆவணப்பட, குறும்பட விழா நடத்தி வருகிறார்கள். ஒரு ஊரில் ஒரு சில பேர் பிடிவாதமாக இருந்தால் போதும் என்பதற்கு அதுவே சாட்சி.

எனவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். இங்கே ஏழெட்டு மாவட்டங்களிலிருந்து வந்திருக்கிறீர்கள். ஸ்கிரிப்ட் எல்லாரிடமும் இருக்கிறது, தெரியும். அதை ஆறு மாதம் மேசையிலேயே வையுங்கள். அதற்குள் உங்கள் ஊரில் மாதம் ஒரு படம் காட்டுங்கள். நூலக அறையோ, டுடோரியல் வகுப்போ, மாடி வீட்டு மொட்டை மாடியோ போதும். ஒரு புரொஜெக்டரும் வெள்ளை வேட்டியும் இரண்டு நல்ல ஸ்பீக்கரும் வேண்டும். ஸ்பீக்கரில் கஞ்சத்தனம் கூடாது. இந்தியச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் பதிப்புரிமை அது வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். 'பதேர் பாஞ்சாலி'க்கு அந்தக் காலம் முடிந்துவிட்டது. பாட்டுக்கும் கதைக்கும் உள்ள உரிமை வேறு கணக்கு, அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புதிய படமென்றால் எடுத்தவரிடமே போன் செய்து கேளுங்கள், சுயாதீன இயக்குநர்கள் பெரும்பாலும் சந்தோஷமாகக் கொடுத்துவிடுவார்கள், முடிந்தால் பஸ் ஏறி வந்துவிடவும் செய்வார்கள். வருகிறவர்களின் பெயரையும் போன் நம்பரையும் ஒரு நோட்டில் எழுதி வாங்குங்கள். நாளைக்கு உங்கள் படத்துக்கு முதல் டிக்கெட் வாங்கப்போகிறவர்கள் அந்த நோட்டில்தான் இருக்கிறார்கள்.

முதல் திரையிடலுக்குத் தேதி குறித்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள். ஸ்பீக்கரை நானே கொண்டுவருகிறேன்.